யார் சொன்ன யோசனை? நோட்டில் எழுதி வைப்போம்!



சேமிப்பு, உள்கடன், தவணை, வட்டி பற்றியெல்லாம் நம் இதழில் நிறையப் பேசியிருக்கிறோம். குழுப் பணத்தில் பத்து ரூபாய் குறைந்தால் உடனே கணக்கு நோட்டைப் புரட்டுவோம். யார் கையில் கொடுத்தோம், எப்போது கொடுத்தோம் என்று கேள்வி மேல் கேள்வி கேட்போம். கேட்கவும் வேண்டும்.

ஆனால் ஒரு உறுப்பினர் சொன்ன யோசனையை இன்னொருவர் எடுத்துக்கொண்டு, "இது என் யோசனை" என்று பேர் வாங்கிக்கொண்டால் என்ன செய்கிறோம்? "இதெல்லாம் ஒரு விஷயமா, விடு" என்கிறோம். கூட்டத்தில் ஒருவர் நியாயம் இல்லாத வாதத்தைச் சத்தமாகப் பேசினால், "எதுக்கு வம்பு" என்று தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வருகிறோம்.

இந்த இரண்டும் கரையான் மாதிரி. வெளியே தெரியாது. உள்ளே குழுவை அரித்துவிடும். எப்படி அரிக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்று இந்த மாதம் பார்ப்போம்.

ஒரு காட்சி

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் படிக்கும்போது உங்கள் குழுவில் யாரோ ஒருவரின் முகம் ஞாபகம் வரலாம்.

ஒரு குழுவில் 15 பேர். அதில் ஒரு அக்கா, வருஷா வருஷம் மாசி, பங்குனியில் வியாபாரியிடம் கூலிக்குப் புளி தட்டப் போகிறவர். கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் கூட்டத்துக்கு நடந்து போகும்போது ஊக்குநரிடம் சொல்கிறார்:

"ஏம்மா, நாம எல்லாரும் வியாபாரிக்குத்தானே புளி தட்டுறோம்? ஊராட்சிப் புளிய மரத்தை நம்ம குழுவே ஏலத்துல எடுத்தா என்ன? ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, அறுப்புக் காலத்துல விக்காம வெச்சிருந்து, ஆடிக்கு மேல வித்தா விலை கூடக் கிடைக்கும். கொட்டையையும் வீணாக்க வேண்டாம், அதுக்கும் ஆள் இருக்கு."

நல்ல யோசனை. புளியங்கொட்டைப் பருப்பை அரைத்த மாவு நூலுக்குக் கஞ்சி போட ஜவுளித் தொழிலுக்குப் போகிறது. அதை வியாபாரி சொல்லித் தரமாட்டார். பல வருஷம் புளி தட்டிய கைதான் அதைக் கவனித்து வைத்திருக்கிறது.

அடுத்த மாதம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டம். ஊக்குநர் எழுந்து, "எனக்கு ஒரு யோசனை வந்திருக்கு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அக்காவின் பேரை ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

செய்தி அக்காவின் காதுக்கு வருகிறது. அவர் சண்டை போடவில்லை. "நான் சொன்னா எங்க எடுபடப் போகுது, அவங்க சொன்னா எடுபடுது" என்று மட்டும் சொல்கிறார். அடுத்த கூட்டத்துக்குச் சேமிப்புப் பணத்தை மகளிடம் கொடுத்து அனுப்புகிறார். அதற்கு அடுத்த கூட்டத்துக்கும் அப்படியே.

இதில் யாருக்கு நஷ்டம்? அக்காவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எந்த மரத்துப் பழத்தில் சதைப்பற்று அதிகம், எத்தனை நாள் காய வேண்டும், ஓட்டோடு நூறு கிலோ வாங்கினால் சுத்தம் செய்த புளி எத்தனை கிலோ தேறும், உப்புப் போட்டு எதில் அடைத்து வைத்தால் பல மாதம் கெடாமல் இருக்கும், இதெல்லாம் அந்த அக்காவுக்குத்தான் தெரியும். ஊக்குநருக்குத் தெரியாது.

யோசனையை எடுத்துக்கொண்டு போகலாம். அதற்குப் பின்னால் இருக்கும் அனுபவத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது. அது சொன்னவரிடமே இருந்துவிடுகிறது. அவர் வாயை மூடிக்கொண்டால் குழுவுக்குக் கிடைப்பது பாதி யோசனைதான். பாதி யோசனையை நம்பிக் கடன் வாங்கினால் தவணை கட்டுவது 15 பேரும்தான்.

எது திருட்டு? எது திருட்டு இல்லை?

கோபப்படும் முன் இதை யோசிக்க வேண்டும். ஒரே மாதிரி பேசியதெல்லாம் திருட்டு ஆகாது.

ஒரே ஊரில் ஒரே கஷ்டத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே யோசனை வரலாம். அது தற்செயல்.

எப்போதோ கேட்டதை, யார் சொன்னது என்பதை மறந்துவிட்டு, தன் சொந்த யோசனை என்றே ஒருவர் நம்பலாம். மனித மனது அப்படியும் செய்யும். ஞாபகப்படுத்தினால், "ஆமாம்ல, நீங்க சொன்னதுதானே!" என்று ஒப்புக்கொள்வார்கள்.

நாலு பேர் பேசிப் பேசி உருவான யோசனை நாலு பேருக்கும் சொந்தம். அதில் ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது.

அப்படியானால் எது திருட்டு? யார் சொன்னது என்று தெரிந்தே பேரை மறைப்பது. கேட்டால் இல்லை என்று சாதிப்பது. அந்த யோசனையால் வரும் பாராட்டு, பயிற்சி வாய்ப்பு, பதவி எல்லாவற்றையும் தான் மட்டும் அனுபவிப்பது. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அதுதான்.

காகிதப் பை மெஷின் செய்த பெண்

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்தது இல்லை. அமெரிக்காவில் 150 வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு உண்மைச் சம்பவம் கேளுங்கள்.

மார்கரெட் நைட் என்ற பெண் 1838-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டார். அங்கே தறியில் ஓடும் நாடா தெறித்து வந்து ஒரு தொழிலாளியைக் காயப்படுத்தியதைப் பார்த்தார். நாடா தெறிக்காமல் இருக்க ஒரு தடுப்புக் கருவியை யோசித்துச் சொன்னார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும் என்று சொல்கிறார்கள். அந்தக் கருவி ஆலைகளில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அவர் பேரில் அது பதிவாகவில்லை. அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை.

பெரியவரானதும் காகிதப் பை செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மெஷினில் வந்த பை தபால் உறை மாதிரி இருக்கும். சாமான் போட்டால் நிற்காது. அடிப்பக்கம் தட்டையான பையைக் கையால்தான் மடித்து ஒட்ட வேண்டும். அதைத் தானே வெட்டி, மடித்து, ஒட்டும் ஒரு மெஷினை மார்கரெட் யோசித்தார். படம் வரைந்தார். குறிப்பு எழுதினார். முதலில் மரத்தில் மாதிரி செய்து ஓட்டிப் பார்த்தார். பிறகு இரும்பில் செய்யப் பட்டறைக்குக் கொண்டு போனார்.

பட்டறையில் அந்த மெஷினைப் பார்த்த சார்லஸ் அன்னன் என்பவர், அதைத் தன் பேரில் காப்புரிமை வாங்கிவிட்டார். காப்புரிமை என்பது நாம் பேட்டன்ட் என்று கேள்விப்படுகிறோமே, அதுதான். மார்கரெட் விண்ணப்பம் போட்டபோது, "இது ஏற்கெனவே இன்னொருவர் பேரில் இருக்கிறது" என்று பதில் வந்தது.

அவர் விடவில்லை. வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு என்ன வாதம் செய்தது தெரியுமா? இவ்வளவு சிக்கலான மெஷினை ஒரு பெண்ணால் புரிந்துகொள்ளவே முடியாது, அதனால் இது இவர் செய்ததாக இருக்க முடியாது என்று வாதாடியதாகச் சொல்கிறார்கள். மார்கரெட் தன் படங்களையும், தேதி போட்ட குறிப்புகளையும், செய்த மாதிரிகளையும் எடுத்துக் காட்டினார். மெஷின் செய்யும்போது கூட இருந்து பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். வழக்கு அவர் பக்கம் முடிந்தது. 1871-இல் காப்புரிமை அவர் பேருக்குக் கிடைத்தது. பிறகு கூட்டாக ஒரு பை கம்பெனியே ஆரம்பித்தார். 1914-இல் அவர் இறப்பதற்குள் 20-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பேரில் இருந்தன.

முதல் கருவிக்கு அவர் பேரில் பதிவு இல்லை. அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது மெஷினுக்கு எழுத்தும் சாட்சியும் இருந்தன. அதில் ஜெயித்தார். இரண்டு தடவையும் அறிவு அவருடையதுதான். வித்தியாசம் நோட்டில் இருந்தது.

போலி வாதங்கள்

அன்னன் தரப்பு செய்ததைப் பாருங்கள். மெஷினைப் பற்றிப் பேசவில்லை. பேசியது, அதைச் செய்த ஆள் பெண் என்பதைப் பற்றி. இப்படிப்பட்ட வாதத்துக்குத் தமிழில் பழைய பேர் ஒன்று உண்டு: போலி. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லித் தரும் பகுதி இருக்கிறது. சரியான வாதம் எது, போலி எது என்று அதில் வகை பிரித்துச் சொல்கிறார். கேட்டுப் படித்தவர் ஒரு பெண். நாமும் படிக்கலாம்.

நம் காட்சிக்குத் திரும்புவோம். தோழிகள் வற்புறுத்தியதால் அக்கா மறுபடி கூட்டத்துக்கு வருகிறார். எல்லா மரத்தையும் வங்கிக் கடன் வாங்கி ஏலம் எடுக்கலாம் என்கிறார் ஊக்குநர். அக்கா மெதுவாகச் சொல்கிறார்: "முதல் வருஷம் பத்து மரம் போதும். ஏலத்துக்கு முன்னாடி போய் மரத்தைப் பார்க்கணும். புளி ஒரு வருஷம் நல்லா காய்ச்சா அடுத்த வருஷம் குறையறது உண்டு."

இதற்கு எதிராக என்னென்ன போலி வாதம் வரலாம்? எப்படிப் பதில் சொல்லலாம்?

1. பேச்சை விட்டு ஆளைப் பிடிப்பது

"போன வருஷம் ரெண்டு தவணை நிறுத்தினவங்க, இப்ப எங்களுக்குக் கணக்கு சொல்ல வந்துட்டாங்க!"

தவணை நிறுத்தியது உண்மையாகவே இருக்கட்டும். அதனால் மரத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஆகிவிடுமா? படிப்பு, சாதி, வயது, புருஷன், பழைய கடன் இவற்றை இழுத்தால் அங்கே வாதம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பதில்: "என் தவணையைப் பத்தி தனியாப் பேசுவோம், நான் ஓடிப்போகல. இப்ப மரத்தைப் பார்க்கணுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்க."

2. சொன்னதைத் திரிப்பது

"அப்போ குழு முன்னேறவே வேண்டாம்னு சொல்றீங்க!"

அக்கா அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக்கி, அதை அடிப்பது சுலபம்.

பதில்: "நான் சொன்னது அது இல்லம்மா. பத்து மரத்துல ஆரம்பிப்போம்னுதான் சொன்னேன். நான் என்ன சொன்னேன்னு ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்."

3. இரண்டே வழிதான் என்பது

"எடுத்தா எல்லா மரத்தையும் எடுக்கணும். இல்லேன்னா இந்தத் தொழிலே வேண்டாம்."

இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ வழி இருக்கிறது. பத்து மரம் எடுக்கலாம், இன்னொரு குழுவோடு சேர்ந்து எடுக்கலாம், இந்த வருஷம் மரம் எடுக்காமல் புளி மட்டும் வாங்கித் தட்டி விற்றுப் பார்க்கலாம்.

பதில்: "மூணாவது வழி என்னன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவோமா?"

4. ஒன்றை வைத்து எல்லாவற்றையும் சொல்வது

"பக்கத்து ஊர்க் குழு எடுத்து லாபம் பார்த்துச்சு. நமக்கும் வரும்."

ஒரு பானைச் சோற்றுக்குத்தான் ஒரு சோறு பதம். பக்கத்து வீட்டுப் பானை வெந்ததா என்று நம் வீட்டுச் சோற்றை எடுத்துப் பார்த்து என்ன பிரயோஜனம்? அவர்கள் எத்தனை மரம் எடுத்தார்கள், என்ன விலைக்கு, எங்கே விற்றார்கள் என்று கேட்க வேண்டும்.

பதில்: "நல்லது. அவங்க கணக்கு நோட்டைப் பார்த்துட்டு வர ரெண்டு பேரை அனுப்புவோம்."

5. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை

"நான் ஊக்குநரா வந்த பிறகுதான் வங்கிக் கடன் கிடைச்சுது. அதனால நான் சொல்றதைக் கேளுங்க."

ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று ஆகாது. வங்கி கடன் கொடுத்தது 15 பேரும் ஒழுங்காகக் கூடி, சேமித்து, உள்கடன் கொடுத்து, தவணை கட்டி, நோட்டு எழுதியதைப் பார்த்து. அந்தப் பஞ்சசூத்திரத்தில் ஊக்குநரின் உழைப்பும் இருக்கிறது, மறுக்க வேண்டாம். ஆனால் அது மரத்துக்கு விலை சொல்லும் தகுதி ஆகாது.

பதில்: "உங்க உழைப்பு எங்களுக்குத் தெரியும்மா. கடன் வேற விஷயம், காய்ப்பு வேற விஷயம்."

6. ஊரே சொல்லுது என்பது

"கூட்டமைப்புலயே கைதட்டிட்டாங்க. இனிமே என்ன பேச்சு?"

கைதட்டினால் மரம் காய்க்காது. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை விட, என்ன காரணம் சொன்னார்கள் என்பதுதான் முக்கியம்.

பதில்: "கைதட்டினவங்க மரத்தைப் பார்த்தாங்களா? பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லச் சொல்லுங்க."

இங்கே ஒரு எச்சரிக்கை. போலி வாதம் நாமும் செய்வோம். "என் யோசனையைத் திருடினவ தலைமையில இது நடக்கக் கூடாது" என்று அக்கா புளித் தொழிலையே எதிர்த்தால் அதுவும் போலிதான். திருடப்பட்டாலும் நல்ல யோசனை நல்ல யோசனையே. அதேபோல, ஒருவர் தப்பான காரணம் சொன்னதால் அவர் முடிவும் தப்பாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. நம் கோபம் வேறு, குழுவின் நன்மை வேறு.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, கூட்டத்தில் சொல்லுங்கள். வழியில், குழாயடியில், நூறு நாள் வேலை இடத்தில் ஒருவர் காதில் மட்டும் சொன்ன யோசனைக்குச் சாட்சி இல்லை. கூட்டத்தில் பேசக் கூச்சமாக இருந்தால், முன்னாடியே இரண்டு தோழிகளிடம் சொல்லி வையுங்கள். அவர்கள் பக்கத்தில் இருந்தால் தைரியம் வரும்.

இரண்டு, தீர்மான நோட்டில் பேரோடு எழுதுங்கள். நிறைய நோட்டுகளில் "புளி வியாபாரம் செய்யத் தீர்மானிக்கப்பட்டது" என்று மொட்டையாக இருக்கும். அப்படி வேண்டாம். இப்படி எழுதலாம்:

"தீர்மானம் 4: ஊராட்சிப் புளிய மரங்களைக் குழு ஏலத்தில் எடுக்கலாம் என்று உறுப்பினர் ............ யோசனை சொன்னார். ஏலத்துக்கு முன் மரங்களைப் பார்த்து வரலாம் என்று உறுப்பினர் ............ சேர்த்துச் சொன்னார். விலை விசாரித்து அடுத்த கூட்டத்தில் சொல்ல ............, ............ ஆகியோர் பொறுப்பேற்றனர்."

தேதி இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் ஒருவர் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் தன் பேர் அதில் இருக்கிறதா என்று காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

மூன்று, திருட்டு நடந்துவிட்டால் முதலில் தனியாகக் கேளுங்கள். நாலு நாளுக்குள் கேளுங்கள். நாலு மாதம் மனதில் வைத்துப் புழுங்க வேண்டாம்.

"அம்மா, புளி விஷயம் நான் உங்ககிட்ட சொன்னதுதானே? கூட்டமைப்புல நீங்க சொன்னது நல்லதுதான். ஆனா என் பேரையும் சொல்லியிருந்தா எனக்குச் சந்தோஷமா இருந்திருக்கும். அடுத்த கூட்டத்துல சொல்லிடுங்க."

மறந்து செய்தவர் இதிலேயே சரி செய்துவிடுவார். சாதிக்கிறவர் யார் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

நான்கு, சரி செய்யாவிட்டால் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். "நீ திருடி" என்று ஆரம்பிக்க வேண்டாம். யோசனையிலிருந்தே ஆரம்பியுங்கள்: "இந்த யோசனையை நான்தான் முதல்ல சொன்னேன். அதுல இன்னும் சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கு." பிறகு காய்ச்சல், எடை, உப்பு, கொட்டை விலை எல்லாவற்றையும் சொல்லுங்கள். வேர் யாரிடம் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கே புரிந்துவிடும்.

ஐந்து, அதிலும் தீராவிட்டால் தீர்மான நோட்டோடு கூட்டமைப்பு நிர்வாகிகளிடம் போங்கள். சாட்சி சொல்லும் ஒருவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது என்ன? குழாயடியில் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். குடும்பத்தை இழுக்காதீர்கள். சேமிப்பை நிறுத்தாதீர்கள். குழுவை விட்டுப் போகாதீர்கள். நீங்கள் போனால் பேரோடு சேர்த்து இடமும் போய்விடும்.

கூட இருப்பவர்களின் கடமை

உண்மையில் இந்தப் பிரச்சினையைத் தீர்க்கும் சக்தி பாதிக்கப்பட்டவரை விடக் கூட இருப்பவர்களிடம்தான் அதிகம். "நான்தான் சொன்னேன்" என்று தன் வாயால் சொன்னால் பெருமை அடிப்பது போலத் தெரியும். "இது அக்கா சொன்னது, நான் கேட்டேன்" என்று இன்னொருவர் சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

அமெரிக்க அதிபராக ஒபாமா இருந்தபோது, 2009-லிருந்து 2017 வரை, அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்த பெண் அதிகாரிகளுக்கே இந்தப் பிரச்சினை இருந்தது. கூட்டங்களில் பெண்கள் சொல்வது காதில் விழாது, அதையே பிறகு இன்னொருவர் சொன்னால் எடுபடும். அவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு பெண் நல்ல யோசனை சொன்னால், இன்னொரு பெண் உடனே அவர் பேரைச் சொல்லி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்ததால், யோசனை யாருடையது என்பதை யாரும் மறைக்க முடியவில்லை. 2016-இல் இது பத்திரிகைகளில் செய்தியாக வந்தது.

அவ்வளவு படித்து, அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர்களுக்கே தோழியின் குரல் தேவைப்பட்டது. நமக்கும் தேவைதான். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும்: "அக்கா சொன்ன மாதிரி..."

ஊக்குநர், பிரதிநிதிகளுக்கு ஒரு வார்த்தை

உறுப்பினர் பேரைச் சொன்னால் உங்கள் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். "எங்க குழுவில் ஒரு அக்கா இப்படி யோசனை சொல்றாங்க" என்று பேர் சொல்லிக் கூட்டமைப்பில் பேசுகிற ஊக்குநரைப் பார்த்து, "இவங்க குழுவில் எல்லாரும் யோசிக்கிறாங்க" என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். முடிந்தால் சொன்னவரையே கூட அழைத்துப் போய்ப் பேச வையுங்கள். நாளைக்குப் பொறுப்பு மாறும்போது அடுத்த ஊக்குநர் தயாராக இருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெறும் யோசனைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. புளி ஏலம் எடுக்கும் யோசனையை யாரும் பதிவு செய்ய முடியாது. அதனால்தான் குழுவுக்குள் தீர்மான நோட்டு இவ்வளவு முக்கியம்.

ஆனால் புதிதாக ஒரு கருவியோ செய்முறையோ கண்டுபிடித்தால் 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் பாதுகாப்பு உண்டு. விண்ணப்பிக்கும் முன் கண்காட்சியில் வைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அது புதியது இல்லை என்று ஆகிவிடும். குழுவின் பொருளுக்கு வைத்த பேரையும் முத்திரையையும் 1999-ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டப்படி பதிவு செய்யலாம்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

கடந்த ஆறு மாதத் தீர்மான நோட்டை எடுத்து ஒருவர் படிக்கட்டும். ஒவ்வொரு தீர்மானமும் யார் சொன்ன யோசனை என்று பேசுங்கள். ஞாபகம் இருந்தால் பேரைச் சொல்லி எல்லோரும் கைதட்டுங்கள்.

ஒரு வருஷமாக யார் பேருமே நோட்டில் வராத உறுப்பினர்கள் யார் என்று பாருங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அவர்களைப் பேச விடுங்கள்.

மேலே சொன்ன ஆறு போலி வாதங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து நடித்துப் பாருங்கள். ஒருவர் போலி வாதம் பேசட்டும், இன்னொருவர் பதில் சொல்லட்டும். சிரிப்பும் வரும், பாடமும் மனதில் நிற்கும்.

சகோதரிகளே, நம் குழுக்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை வங்கி சொத்து ஈடு கேட்காமல் கடன் தருகிறது. அங்கே ஈடாக இருப்பது நாம் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கை. காசுக்குக் கணக்கு எழுதுகிற அதே நோட்டுப் பழக்கத்தை யோசனைக்கும் கொண்டு வருவோம். புளி தட்டும் அக்கா அடுத்த கூட்டத்துக்குச் சேமிப்பை மகளிடம் கொடுத்து அனுப்பாமல், தானே வந்து உட்கார்ந்து பேசட்டும்.